ஓட்டுப் போட அடையாள அட்டை கேட்பதில் என்ன தப்பு?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஓட்டுப் போட வருகிறவரிடம் ஐடி கேட்கச் சட்டம் கொண்டுவந்தாலே, ஏழைகளின் உரிமையைப் பறிக்கிறார்கள் என்று கோர்ட்டுக்குப் போகிறார்கள். நம்மூரில் எண்பது வயதுப் பாட்டிகூட முந்தானையில் அட்டையை முடிந்துகொண்டு வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறார். நம்மால் முடிந்தது அவர்களால் முடியாதா? ஐடி கேட்பதில் அப்படி என்ன தப்பு?"

கேட்பதில் தப்பே இல்லை. அந்த அட்டையை மக்கள் கையில் சேர்ப்பது யார் பொறுப்பு, அது இல்லாதவர் வேறு எதைக் காட்டலாம், இந்த இரண்டில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். அதோடு, நம்மூரில் இந்தச் சண்டையே இல்லை என்று உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம் நீங்கள் பூத் வாசலை மட்டும் பார்ப்பது. இங்கே சண்டை நடக்கும் இடம் வாக்காளர் பட்டியல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கா. குடிமக்கள் எல்லாருக்கும் அரசாங்கமே கொடுக்கும் தேசிய அடையாள அட்டை என்று அங்கே ஒன்று கிடையாது. ஆதாரும் இல்லை, நம் வாக்காளர் அட்டை போல ஒன்றும் இல்லை. நடைமுறையில் டிரைவிங் லைசென்ஸ்தான் எல்லாவற்றுக்கும் அடையாளம். வயதாகிக் கார் ஓட்டுவதை விட்டவரிடமும், பஸ்ஸிலேயே வேலைக்குப் போய்வரும் ஏழையிடமும், பல மாணவர்களிடமும் அது இருக்காது. அவர்களுக்கென்று மாநில அரசு இலவச அட்டை தருவதாகச் சட்டம் சொல்லும். ஆனால் அதை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் கொண்டுபோக வேண்டும், சான்றிதழுக்குக் கட்டணம், அட்டை தரும் ஆபீஸ் எங்கோ அடுத்த ஊரில், வேலை நாளில் மட்டும் திறந்திருக்கும். தேர்தலில் ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும், எழுத்தறிவுத் தேர்வு எழுத வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கறுப்பின மக்களைத் தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்திய தென் மாநிலங்கள் உள்ள நாடு அது. தேசியத் தேர்தல்களுக்கான வரி 1964-இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் போனது, தேர்வு 1965-இல் வந்த வாக்குரிமைச் சட்டத்தால் போனது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "இன்னும் ஒரே ஒரு காகிதம் கொண்டுவாருங்கள்" என்றால் என்ன நினைப்பார்கள்?

இண்டியானா மாநிலம் 2005-இல் புகைப்பட அட்டையைக் கட்டாயமாக்கியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2008 ஏப்ரல் கடைசியில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அந்த மாநில வரலாற்றிலேயே ஒருவர் பெயரில் இன்னொருவர் பூத்துக்கு வந்து ஓட்டுப் போட்டதற்கு ஓர் ஆதாரமும் வழக்கில் காட்டப்படவில்லை என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. அடுத்த வாரமே அங்கே கட்சி வேட்பாளர் தேர்வுக்கான தேர்தல். சவுத் பெண்ட் என்ற ஊரில் ஒரு கன்னியர் மடத்துக்குள் பூத். எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டிய கன்னியாஸ்திரிகள் சுமார் ஒரு டஜன் பேர் ஓட்டுப் போட வருகிறார்கள். கார் ஓட்டுவதை விட்டுப் பல வருஷம் ஆனதால் செல்லுபடியாகும் அட்டை கிடையாது. சிலரிடம் காலாவதியான பாஸ்போர்ட் இருந்தது. திருப்பி அனுப்பப்பட்டார்கள். திருப்பி அனுப்பிய தேர்தல் ஊழியர் யார் தெரியுமா? அதே மடத்தைச் சேர்ந்த இன்னொரு கன்னியாஸ்திரி. தினமும் பார்க்கும் முகங்கள். யார் எவர் என்று துளி சந்தேகம் இல்லை. ஆனாலும் சட்டப்படி அவர்களை "அடையாளம் காண" அவரால் முடியவில்லை.

டெக்சாஸில் இன்னும் வெளிப்படை. 2011-இல் வந்த சட்டப்படி கைத்துப்பாக்கி லைசென்ஸ் செல்லும், அரசுப் பல்கலைக்கழகமே கொடுத்த மாணவர் அட்டை செல்லாது. பட்டியலில் பெயர் இருந்தும் சட்டம் கேட்ட அட்டைகளில் ஒன்றுகூட இல்லாதவர்கள் சுமார் 6 லட்சம் பேர் என்று கீழ்க்கோர்ட் கண்டது. எந்த அட்டை செல்லும், எது செல்லாது என்று எழுதும் பேனா யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு வேண்டிய மாதிரி பட்டியல் அமைந்துவிடும். அங்கே நடக்கும் சண்டையின் வேர் இதுதான்.

பிரிட்டனிலும் இங்கிலாந்துப் பகுதியில் 2023 மே உள்ளாட்சித் தேர்தலில்தான் முதன்முதலாகப் பரவலாகப் புகைப்பட அட்டை கேட்டார்கள். வட அயர்லாந்தில் அதற்கு இருபது வருஷம் முன்பே உண்டு. முதியோரின் பஸ் பாஸ் செல்லும், இளைஞர்களின் பயண அட்டை செல்லாது என்று விதி வைத்ததில் அங்கேயும் சர்ச்சை. முதல் தடவையே சுமார் 14,000 பேர் அட்டை இல்லாமல் திரும்பிப்போய், பிறகு வரவே இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் போரிஸ் ஜான்சன்! அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே அவர் பிரதமராக இருந்த அரசுதான். அவர் வீட்டுக்குப் போய் அட்டையை எடுத்துவந்து ஓட்டுப் போட்டார், அவரால் முடியும்.

இனி நம்மூர். இங்கே கள்ள ஓட்டு கற்பனை இல்லை. காலை பத்து மணிக்குப் போனால் "உங்க ஓட்டு போட்டாச்சேம்மா" என்று சொல்லும் பூத்துகளைப் பார்த்தவர்கள் நம் எல்லார் குடும்பத்திலும் இருப்பார்கள். செத்துப்போன தாத்தா வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார் என்ற நையாண்டி சும்மா பிறக்கவில்லை. அதனால் அட்டை என்று வந்தபோது நம் மக்கள் அதைத் தடையாகப் பார்க்கவில்லை, தங்கள் ஓட்டுக்குக் காவலாகத்தான் பார்த்தார்கள்.

ஆனால் அட்டை வருவதற்கு முன்பே இந்த நாடு பத்து மக்களவைத் தேர்தல்களை நடத்தி முடித்துவிட்டது. எப்படி? பூத்தில் முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிக்கிறாரே, அது ஏதோ சடங்கு என்று நினைத்திருப்பீர்கள். பக்கத்தில் பெஞ்சில் எதிரும் புதிருமான கட்சிகளின் ஏஜென்ட்டுகள் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருப்பது வழக்கம். பெயரைக் கேட்டதும் தலையைத் தூக்கி முகத்தைப் பார்ப்பார்கள். "இவன் மேலத்தெரு ஆளு இல்லையே" என்று ஒருவர் சொன்னால் போதும், அங்கேயே நின்றுவிடும். ஒருவருக்கொருவர் ஆகாத நாலு பேர் ஒத்துக்கொண்ட முகத்தைவிட நம்பகமான அட்டை எது? இன்னொன்று விரலில் வைக்கும் மை. மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் தயாரிப்பது, வெள்ளி நைட்ரேட் கலந்தது, 1962 பொதுத் தேர்தலில் இருந்து பயன்பாட்டில் இருக்கிறது. நீங்கள் யார் என்று அந்த மைக்குத் தெரியாது; நீங்கள் ஏற்கெனவே ஓட்டுப் போட்டவர் என்பது மட்டும் தெரியும். ஒரே ஆள் பத்து ஓட்டுப் போடுவதைத் தடுக்க அது போதும். இந்த முறையின் பலவீனம் நகரத்தில் தெரிந்தது. அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரையே தெரியாத இடத்தில் ஏஜென்ட் யாரை அடையாளம் சொல்வார்? ஏஜென்ட்டே மிரட்டப்பட்ட ஊர்களிலும் இது வேலைக்காகவில்லை.

அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் 1993-இல் புகைப்பட வாக்காளர் அட்டைக்கு உத்தரவு போட்டது இந்தப் பின்னணியில்தான். அட்டை கொடுத்து முடிக்காவிட்டால் 1995 ஜனவரி 1-க்குப் பிறகு தேர்தலே நடத்த மாட்டேன் என்றுகூட மாநில அரசுகளை மிரட்டிப் பார்த்தார். அப்போது நீதிமன்றத்தின் நிலை, அரசாங்கம் அட்டை கொடுக்காத குற்றத்துக்கு வாக்காளரைத் தண்டிக்க முடியாது என்பதாக இருந்தது. என் பார்வையில் நம் நாட்டு முறையின் சாரமே அந்த ஒரு வரிதான். அட்டை அரசின் கடமை. அதற்காக வீடு வீடாகப் போனதும், பள்ளிக்கூடத்தில் கேமராவை வைத்துப் படம் எடுத்ததும் அரசுதான். அந்தப் பழைய கறுப்பு வெள்ளை அட்டைகளில் நம் முகம் நமக்கே அடையாளம் தெரியாது என்பது வேறு கதை.

இன்றைய விதிக்கு வருவோம். வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஓட்டு கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள், அது உண்மையில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் அட்டைக்குப் பதிலாக 12 ஆவணங்களில் ஏதாவது ஒன்றைக் காட்டலாம் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய பேங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், போட்டோவுடன் கூடிய பென்ஷன் ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை, அரசு ஊழியர் அட்டை என்று போகும் அந்தப் பட்டியல். நூறு நாள் வேலை அட்டையும் பாஸ்புக்கும் அதில் இருப்பதைக் கவனியுங்கள். டெக்சாஸ் பட்டியலை எழுதியவர் மனதில் இருந்த ஆளும் இதை எழுதியவர் மனதில் இருந்த ஆளும் வேறு வேறு.

தமிழ்நாட்டில் ஒரு குழப்பம் ஒவ்வொரு தேர்தலிலும் வரும்: ரேஷன் கார்டு. அது அந்தப் பட்டியலில் இல்லை. "ஸ்மார்ட் கார்டு" என்று பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. அது தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கீழ் கொடுத்த வேறு அட்டை. நான் தலைமை அலுவலராக உட்கார்ந்த ஒரு பூத்தில் ஓர் அம்மா ரேஷன் கார்டை நீட்டினார். ஆகாது என்றதும், "ஏன் தம்பி, இதைக் காட்டுனா அரிசி குடுக்குறான், ஓட்டு குடுக்க மாட்டியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏஜென்ட்டுகள் எல்லாருமே "தெரிஞ்சவங்கதான் சார், விடுங்க" என்றார்கள். விதி இடம் தரவில்லை. முதியோர் உதவித்தொகை வரும் பாஸ்புக்கில் போட்டோ இருக்குமே என்று கேட்டு, பேரனை அனுப்பி எடுத்துவரச் சொன்னோம். வீடு அடுத்த தெரு என்பதால் முடிந்தது. அவர் பஸ் ஏறி வந்தவராக இருந்தால் அன்று திரும்பி வந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். வசதியான பட்டியல் இருந்தாலும் விளிம்பில் நிற்பவர் விளிம்பில்தான் நிற்கிறார்.

பூத் சிலிப்பையும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் வரிசை எண்ணையும் பூத்தையும் சொல்லும் துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். முன்பு போட்டோ போட்ட சிலிப்பை மட்டும் காட்டியே ஓட்டுப் போட்டோம். அதில் பாதுகாப்பு அம்சம் எதுவும் இல்லை, யார் கையிலும் போய்ச் சேரலாம் என்பதால் 2019 மக்களவைத் தேர்தலில் இருந்து தனி ஆவணமாக ஏற்பதை நிறுத்தினார்கள். அட்டையில் பெயர் எழுத்துப் பிழையாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஆள் நீங்கள்தான் என்று தெரிந்தால் சின்னப் பிழைகளைப் பார்க்கக் கூடாது என்பது ஆணையத்தின் உத்தரவு. பழைய தொகுதியில் வாங்கிய அட்டையும் செல்லும், பெயர் இந்தப் பூத் பட்டியலில் இருக்க வேண்டும். வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்தவர் மட்டும் ஒரிஜினல் பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும், அதுவும் நேரில் வந்து.

நீங்கள்தான் என்பதை ஏஜென்ட் ஒருவர் மறுத்தால்? அவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் செய்யலாம். ஆம், இன்றும் இரண்டு ரூபாய்தான். தலைமை அலுவலர் அங்கேயே விசாரிப்பார்; ஆட்சேபிப்பவர்தான் முதலில் ஆதாரம் காட்ட வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் நீங்கள் ஓட்டுப் போடலாம். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் 49-பி (49P) விதி இருக்கிறது; அப்படிப் போடுவதற்கு டெண்டர் ஓட்டு என்று பெயர். சினிமா புண்ணியத்தில் அந்த எண் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பாதிதான் தெரியும். அந்த விதிப்படி உங்களுக்கு மெஷின் கிடையாது, காகித வாக்குச்சீட்டு தருவார்கள்; அதைத் தனி உறையில் வைப்பார்கள்; எண்ணிக்கை நாளில் எண்ண மாட்டார்கள். தேர்தல் வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் அந்த உறைக்கு உயிர். 2008-இல் ராஜஸ்தானின் நாத்வாராவில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றபோது இந்த டெண்டர் ஓட்டுகளைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

இப்போது பட்டியல். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 62-வது பிரிவு: பட்டியலில் பெயர் உள்ளவருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு உண்டு, இல்லாதவருக்கு இல்லை. சிறையில் இருப்பவர் போன்ற சில விலக்குகளை விட்டால் விஷயம் அவ்வளவுதான். கையில் பளபளவென்று வாக்காளர் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் நீங்கள் பூத்துக்கு வெளியேதான். அட்டையே இல்லாமல், பட்டியலில் பெயரும் கையில் பாஸ்புக்கும் இருந்தால் உள்ளே போகலாம். தேர்தல் நாளில் "கார்டு இருக்கு, ஓட்டு இல்லைங்கறான்" என்று டிவி மைக்கில் பொங்குகிறவர்கள் எல்லாருக்கும் நேர்ந்தது இதுதான்.

பூத்தில் கேட்கப்படுவது ஒரே கேள்வி: பட்டியலில் உள்ள அந்த ஆள் நீங்கள்தானா? அதற்கு ஆதார் போதும். நீங்கள் குடிமகனா, வயது 18 ஆனதா, இந்தத் தொகுதியில் வசிக்கிறீர்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் பட்டியல் தயாரிக்கும்போதே பதில் முடிவாகிவிடும். அங்கேதான் மனிதர்கள் விடுபடுகிறார்கள், முதல் பொதுத் தேர்தலில் இருந்தே. 1951-52-இல் வட மாநிலங்களில் கணக்கெடுக்கப் போனவர்களிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்தார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. அடுத்த தேர்தலுக்குள் பெயரைச் சொல்லப் பழகிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு, அது பெருமளவு பலித்தது. கொள்கை சரி, அதன் விலையை அந்த ஒரு தேர்தலில் கட்டியது அந்தப் பெண்கள்.

2025-இல் வாக்காளர் பட்டியலை முழுதாகச் சரிபார்க்க ஆணையம் நடத்திய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.) இதே கேள்விதான் பெரிய அளவில் திரும்பி வந்தது. பீகாரில் ஆகஸ்ட் 1-இல் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார் யார், என்ன காரணத்தால் என்று வெளியிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஆணையம் கேட்ட 11 ஆவணங்களோடு ஆதாரையும் 12-வதாக ஏற்க வேண்டும், ஆனால் அது அடையாளத்துக்கான ஆதாரம், குடியுரிமைக்கு அல்ல என்று செப்டம்பரில் உத்தரவிட்டது. அடுத்த சுற்று தமிழ்நாட்டுக்கு வந்தது. 6.41 கோடி பெயர்கள் இருந்த இடத்தில் டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் 5.43 கோடி. நீங்கிய 97 லட்சத்தில் சுமார் 27 லட்சம் இறந்தவர்கள். 66 லட்சத்துக்கும் மேல், முகவரியில் இல்லாதவர்கள் அல்லது இடம் மாறியவர்கள். மீதி பெரும்பாலும் இரட்டைப் பதிவு.

இறந்தவர் பெயரை எடுக்கத்தான் வேண்டும், அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. கள்ள ஓட்டின் மூலதனமே அந்தப் பெயர்கள்தான். என் கவலை அந்த 66 லட்சம். வாடகை வீடு மாறியவர், வேலைக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போனவர், பி.எல்.ஓ. (வீடு வீடாக வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வந்த பகல் நேரத்தில் கட்டட வேலைக்குப் போயிருந்தவர் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். சட்டமே தற்காலிகமாக ஊரில் இல்லாததால் மட்டும் ஒருவரின் வசிப்பிடம் போய்விடாது என்கிறது. சொந்த வீடு இருப்பதால் மட்டும் அது வசிப்பிடம் ஆகிவிடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வீடே இல்லாத நடைபாதைவாசிக்குக்கூட, இரவில் அவர் அங்கே படுத்திருப்பதை பி.எல்.ஓ. நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்தால் போதும், காகிதம் வேண்டாம் என்பது ஆணையத்தின் பழைய நடைமுறை. அட்டை விஷயத்தில் அரசு வாக்காளரைத் தேடி வந்தது போல இங்கேயும் அரசே தேடி வர வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இந்தத் திருத்தத்தில், பழைய பட்டியலில் உன் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டு, இல்லையென்றால் ஆவணம் கொண்டுவா என்னும்போது சுமை வாக்காளர் தலைக்கு மாறிவிடுகிறது. அமெரிக்காவில் பூத் வாசலில் நடக்கும் சண்டையின் நம்மூர் வடிவம் இது.

எனவே அட்டையைத் தேடுவதற்கு முன் பட்டியலைப் பாருங்கள். 1950 என்ற எண்ணில் கேட்கலாம், ஆணையத்தின் இணையதளத்திலும் தேடலாம். தேர்தல் தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், வேட்புமனுவின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான கதவு மூடிவிடும். புதிதாகச் சேர 6-ஆம் படிவம்; வீடு மாறினாலும், திருத்தம் இருந்தாலும், அட்டை தொலைந்தாலும் 8-ஆம் படிவம். 2022 ஆகஸ்டில் இருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என நான்கு தகுதி நாட்கள், அதாவது 18 வயது முடிந்ததா என்று கணக்கிடும் நாட்கள், உண்டு. 17 முடிந்தவர் முன்கூட்டியே மனு கொடுத்து வைக்கலாம். உங்கள் பெயரை எடுக்கச் சொல்லி இன்னொருவர் 7-ஆம் படிவம் கொடுத்தால், உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து உங்கள் பக்கத்தைக் கேட்காமல் நீக்கக் கூடாது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை நீக்கும்போது இந்த நியாயம் கட்டாயம் என்று 1995-இலேயே லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவு பிடிக்கவில்லையென்றால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அங்கேயும் கிடைக்காவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். மனுவைக் கையில் கொடுக்கிறவர்கள் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வர வேண்டாம். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.